ராட்டர்டாமில் ஆடிய ஆட்டம்

(தொழிற்சங்கப் படிப்பகத்தில் மில் தோழர்களும் விவசாயத் தொழிலாளர் தோழர்களும் கூடியிருந்த சதுரங்க வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவு. வாசகர்கள் பலகையையும் காய்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கவும்.)



போன வகுப்பு முடிந்ததும் இளம் தோழர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "1938ல் யாரோ இரண்டு பேர் ஆடி முடித்த ஆட்டம். யார் ஜெயித்தார் என்பதும் தெரியும். அதை மறுபடி வைத்துப் பார்ப்பானேன்? அந்த நேரத்தில் நாமே இரண்டு ஆட்டம் ஆடலாமே?"

நியாயமான கேள்வி. எட்டு மணி நேரம் ரிங் பிரேமின் முன்னால் நின்றுவிட்டு வருகிறவருக்கும், பகலெல்லாம் நடவு வயலில் குனிந்திருந்தவருக்கும் ஒரு மணி நேரம் என்பது சும்மா கிடைக்கிற பொருளல்ல. அதை எங்கோ, எப்போதோ முடிந்த ஆட்டத்துக்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்பதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். ஆட்டத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலில் பெயர்களைச் சரிசெய்து கொள்வோம். நம் ஊர்களில் சிலர் ராணியை 'மந்திரி' என்கிறார்கள். இங்கே ராணி என்றால் எல்லாத் திசையிலும் போகும் பெரிய காய். மந்திரி என்றால் மூலைவாட்டில் மட்டும் போவது. நேராகப் போவது யானை. குதிரையும் சிப்பாயும் எல்லோருக்கும் தெரிந்தவை. கட்டங்களுக்கு இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று எழுத்து; வெள்ளையின் பக்கத்திலிருந்து மேலே 1 முதல் 8 வரை எண்.

இன்னொரு விஷயம். சிப்பாய் என்றால் தொழிலாளி, ராஜா என்றால் முதலாளி என்று உவமை சொல்லிக் கைதட்டல் வாங்கும் பேச்சுகள் உண்டு. நான் அப்படிப் பேசப்போவதில்லை. ராஜா இரண்டு பக்கமும் இருக்கிறான், சிப்பாய் இரண்டு பக்கமும் சாகிறான். அந்த உவமை பத்து நகர்த்தல் தாங்காது.

1938 நவம்பரில் ஹாலந்தில் ஆவ்ரோ என்ற வானொலி ஸ்தாபனம் ஒரு பெரிய போட்டியை நடத்தியது. உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் 8 பேர். ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேருடனும் இரண்டு தடவை, ஆக 14 ஆட்டம் ஆட வேண்டும். ஒரே ஊரில் உட்கார்ந்து ஆடவும் விடவில்லை. ஆம்ஸ்டர்டாம், ஹேக், ராட்டர்டாம், குரோனிங்கன் என்று ஊர் ஊராக அழைத்துச் சென்றார்கள். வயதானவர்களுக்கு அது பெரும் சிரமம். பதினோராவது சுற்று நவம்பர் 22ந் தேதி ராட்டர்டாமில் நடந்தது. அன்று வெள்ளைக் காய்களுடன் உட்கார்ந்தவர் சோவியத் யூனியனைச் சேர்ந்த மிகயீல் போட்வின்னிக், வயது 27, மின்சார எஞ்சினீயர். எதிரே கியூபா நாட்டின் ஹோசே ராவுல் காபாபிளாங்கா. 1921 முதல் 1927 வரை உலக சாம்பியன். 1916 முதல் 1924 வரை, எட்டு வருஷம், ஒரு போட்டி ஆட்டத்தில்கூடத் தோற்காதவர். மூன்று நாளைக்கு முன்புதான் அவருக்கு 50 வயது முடிந்திருந்தது.

இவர்கள் அன்றுதான் முதலில் சந்தித்தார்கள் என்று எண்ண வேண்டாம். 1925ல் காபாபிளாங்கா லெனின்கிராடு வந்து ஒரே நேரத்தில் பல பலகைகளில் ஆடியபோது அவரைத் தோற்கடித்தவர்களில் ஒருவன் 14 வயதுச் சிறுவன். அந்தச் சிறுவன்தான் போட்வின்னிக். 1936ல் நாட்டிங்ஹாம் போட்டியில் இருவரும் முதல் ஸ்தானத்தைப் பகிர்ந்து கொண்டார்கள்.

வெளியே உலகம் எப்படி இருந்தது? செப்டம்பர் கடைசியில் மியூனிச் ஒப்பந்தம் கையெழுத்தாகி, செக்கோஸ்லோவாகியாவை அறுத்து ஹிட்லரிடம் கொடுத்திருந்தார்கள். போட்டியில் அந்த நாட்டுக்காக ஆடியவர் ஸாலோ ஃப்ளோர் என்ற யூதர். போட்டி நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே, நவம்பர் 9ந் தேதி இரவு, பக்கத்து ஜெர்மனியில் யூதர்களின் கடைகளும் கோயில்களும் கொளுத்தப்பட்டன. ஃப்ளோர் கடைசி ஸ்தானத்தில் வந்தார். புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்து அவர் ஆட்டத்தை எடைபோடுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் நடந்த ராட்டர்டாமின் மையப் பகுதியையே 1940 மே 14ந் தேதி நாஜி விமானங்கள் குண்டு வீசித் தரைமட்டமாக்கின.

இனிப் பலகைக்கு வருவோம். முதல் எண்ணுக்குப் பிறகு வருவது வெள்ளையின் நகர்த்தல், அடுத்தது கறுப்பு.

1. டி-4, குதிரை எஃப்-6. 2. சி-4, இ-6. 3. குதிரை சி-3, மந்திரி பி-4. 4. இ-3, டி-5. 5. ஏ-3, மந்திரி சி-3 குதிரையை வெட்டிச் செக். 6. பி சிப்பாய் அதை வெட்டுகிறது, சி-5. 7. சி-4 சிப்பாய் டி-5ல் வெட்டு, இ சிப்பாய் திருப்பி வெட்டு. 8. மந்திரி டி-3, கறுப்பு கோட்டை கட்டுகிறது. 9. குதிரை இ-2, பி-6. 10. வெள்ளையும் கோட்டை கட்டுகிறது, மந்திரி ஏ-6. 11. மந்திரி ஏ-6ல் வெட்டு, குதிரை திருப்பி வெட்டு. 12. மந்திரி பி-2, ராணி டி-7. 13. ஏ-4, எஃப் யானை இ-8க்கு. 14. ராணி டி-3.

இங்கே நிறுத்துங்கள். வெள்ளை ராணி ஏ-6 குதிரையைக் குறி வைக்கிறது. கறுப்பு என்ன செய்யலாம்? ராணியை பி-7க்குக் கொண்டுபோய்க் குதிரையைக் காத்திருக்கலாம். காபாபிளாங்கா சி-5 சிப்பாயை சி-4க்குத் தள்ளினார். பார்வைக்கு நல்ல நகர்த்தல். குதிரைக்கு வந்த ஆபத்தும் நீங்கியது, வெள்ளை ராணியும் ஓட வேண்டியதாயிற்று. ஆனால் சி-5ல் இருந்தவரை அந்தச் சிப்பாய் வெள்ளையின் டி-4 சிப்பாயை அழுத்திக்கொண்டிருந்தது. தள்ளியதும் அழுத்தம் விட்டது. நடுப்பலகையில் வெள்ளைக்குக் கை கால் நீட்ட இடம் கிடைத்தது. இந்த 14வது நகர்த்தலை மனதில் குறித்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

15. ராணி சி-2, குதிரை பி-8. 16. ஏ யானை இ-1, குதிரை சி-6. 17. குதிரை ஜி-3, குதிரை ஏ-5. 18. எஃப்-3, குதிரை பி-3. 19. இ-4, ராணி ஏ-4 சிப்பாயை வெட்டுகிறது.

கறுப்புக் குதிரை நடந்த வழியைப் பாருங்கள். ஏ-6லிருந்து பி-8, சி-6, ஏ-5, பி-3. நாலு நகர்த்தல். ஐந்தாவதாக ராணி வந்து சிப்பாயை எடுத்தது. ஆக ஒரு சிப்பாய்க்கு ஐந்து நகர்த்தல் கூலி. அதே ஐந்து நகர்த்தலில் வெள்ளை தன் யானையையும் குதிரையையும் ராஜா பக்கம் சேர்த்து, இ-4க்கு வந்துவிட்டது.

காபாபிளாங்கா பேராசைப்பட்டுக் கெட்டார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. ராணிகள் வெட்டுப்பட்டுப் பலகை காலியானால், அந்த ஒரு சிப்பாயை வைத்தே ஜெயிக்கக்கூடியவர் அவர். கடைசிக் கட்ட ஆட்டத்தில் அவருக்கு நிகரானவர் அந்தக் காலத்தில் அபூர்வம். ஆகவே அதுவும் ஒரு திட்டம்தான். இரண்டு திட்டங்கள் மோதுகின்றன: ஒருவர் ஓரத்தில் சிப்பாய் சேர்க்கிறார், மற்றவர் நடுவில் முன்னேறுகிறார். வெள்ளைக்கு இனிப் பின்வாங்க வழியில்லை. நடுவில் ஜெயிக்காவிட்டால் ஓரத்தில் தோல்வி நிச்சயம்.

20. இ-5, குதிரை டி-7. 21. ராணி எஃப்-2. ராணிகள் வெட்டிக்கொள்ளும் வாய்ப்பை வெள்ளை விலக்கியது. கறுப்பு ஜி-6. 22. எஃப்-4, எஃப்-5. அணை கட்டப் பார்க்கிறது கறுப்பு. ஆனால் இரண்டு கட்டம் தாண்டி வரும் சிப்பாயைப் பக்கத்துச் சிப்பாய் வழிமறித்து வெட்டலாம் என்ற விதி இருக்கிறதே. 23. இ-5 சிப்பாய் எஃப்-6ல் வெட்டு, டி-7 குதிரை திருப்பி வெட்டு. 24. எஃப்-5! போன சிப்பாயின் இடத்துக்கு அடுத்தது வந்து நிற்கிறது. யானை இ-1ல் வெட்டு. 25. யானை திருப்பி வெட்டு, யானை இ-8. 26. யானை இ-6, யானை அதை வெட்டுகிறது. 27. எஃப் சிப்பாய் திருப்பி வெட்டி இ-6ல் ஏறுகிறது, ராஜா ஜி-7. 28. ராணி எஃப்-4, ராணி இ-8. 29. ராணி இ-5, ராணி இ-7.

மறுபடி நிறுத்துங்கள். காய்கள் சரியாக இருக்கின்றனவா? வெள்ளை: ராஜா ஜி-1, ராணி இ-5, மந்திரி பி-2, குதிரை ஜி-3, சிப்பாய்கள் சி-3, டி-4, இ-6, ஜி-2, எச்-2. கறுப்பு: ராஜா ஜி-7, ராணி இ-7, குதிரைகள் எஃப்-6, பி-3, சிப்பாய்கள் ஏ-7, பி-6, சி-4, டி-5, ஜி-6, எச்-7. எண்ணிப் பார்த்தால் கறுப்புக்கு ஒரு சிப்பாய் அதிகம். வெள்ளையின் இ-6 சிப்பாய்க்கு இன்னும் இரண்டே கட்டம், ஆனால் கறுப்பு ராணி வழியில் அடைத்து நிற்கிறது. அதே ராணி எஃப்-6 குதிரைக்கும் காவல். பி-2 மந்திரியோ தன் சிப்பாய்களுக்கே பின்னால் 12வது நகர்த்தலிலிருந்து தூங்குகிறது.

இனி ஆளுக்கு ஐந்து நிமிஷம். பக்கத்தைக் காகிதத்தால் மறையுங்கள். நீங்கள் வெள்ளை என்றால் என்ன ஆடுவீர்கள்? மனதில் நினைத்தால் போதாது, எழுதிவையுங்கள். எழுதாவிட்டால், விடையைப் பார்த்ததும் "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்று மனம் பொய் சொல்லும்.

எழுதினீர்களா? சிலர் குதிரையை எச்-5ல் கொடுத்துச் செக் வைக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். கறுப்புச் சிப்பாய் குதிரையை வெட்டும், ராணி ஜி-5ல் செக், ராஜா எஃப்-8, ராணி எஃப்-6ல் குதிரையை வெட்டும். நல்ல யோசனை. ஆனால் அங்கே இ-7 ராணி காவல் நிற்கிறது. வெட்டிய உங்கள் ராணியை அது வெட்டிவிடும். காவலை முதலில் நகர்த்த வேண்டும்.

30. மந்திரி ஏ-3!

பதினெட்டு நகர்த்தல் தூங்கிய மந்திரி ஒரே ஒரு கட்டம் நகர்ந்து, தன்னையே கறுப்பு ராணிக்கு முன்னால் வைக்கிறது. ஆடுபுலி ஆட்டத்தில் ஆட்டைக் கொடுத்துப் புலியை நகர்த்துவது உங்களுக்குத் தெரியும். அதே வேலைதான். ராணி இ-8க்குப் பின்வாங்கினால் வெள்ளை ராணி சி-7ல் செக், பிறகு மந்திரி இ-7ல் வந்து உட்காரும், கறுப்புக்கு மீட்சியில்லை. ஆகவே 30. ... ராணி மந்திரியை வெட்டுகிறது. இப்போது 31. குதிரை எச்-5 செக், சிப்பாய் வெட்டு. 32. ராணி ஜி-5 செக், ராஜா எஃப்-8. 33. ராணி எஃப்-6ல் குதிரையை வெட்டிச் செக், ராஜா ஜி-8. 34. இ-7.

வெள்ளை ஒரு மந்திரியையும் ஒரு குதிரையையும் கொடுத்து ஒரு குதிரையை மட்டும் வாங்கியிருக்கிறது. கையில் ராணியும் இ-7 சிப்பாயும். ஆனாலும் ஆட்டம் முடியவில்லை. இந்த இடத்தில் கைதட்டிவிட்டு எழுந்து போகிறவர் பாதிப் பாடத்தை விட்டுவிட்டுப் போகிறார். கறுப்பு ராணி இப்போது வரிசையாகச் செக் கொடுக்கும். ஒரு செக்குக்குத் தப்பாக நகர்ந்தால் போதும், ஆட்டம் சமனாகிவிடும். 34. ... ராணி சி-1 செக். 35. ராஜா எஃப்-2, ராணி சி-2 செக். 36. ராஜா ஜி-3, ராணி டி-3 செக். 37. ராஜா எச்-4, ராணி இ-4 செக். 38. ராஜா எச்-5 சிப்பாயை வெட்டுகிறது, ராணி இ-2 செக். 39. ராஜா எச்-4, ராணி இ-4 செக். 40. ஜி-4, ராணி இ-1 செக். 41. ராஜா எச்-5. ஏழு செக் தீர்ந்தது. இனிப் பயனுள்ள செக் ஒன்றும் இல்லை. சிப்பாய் ராணியாவதைத் தடுக்க முடியாது. காபாபிளாங்கா ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

இப்போது பலகையைக் கலைக்காமல் பின்னோக்கிப் பாருங்கள். பி-3 குதிரை எங்கே இருக்கிறது? 18வது நகர்த்தலில் போய் உட்கார்ந்த அதே கட்டத்தில். ராஜா விழுகிற வரையில் அது அசையவே இல்லை. 30வது நகர்த்தலில் மந்திரி எப்படி ஏ-3க்கு வர முடிந்தது? 13வது நகர்த்தலில் அந்தக் கட்டத்திலிருந்த சிப்பாய் ஏ-4க்குப் போய்விட்டது. ஏ-3லிருந்து இ-7 வரை மூலைவாட்டுப் பாதை எப்படித் திறந்தது? நடுவில் சி-5ல் அடைத்து நின்ற கறுப்புச் சிப்பாயை 14வது நகர்த்தலில் கறுப்பே தள்ளிவிட்டது. அதைத்தான் மனதில் குறித்துக்கொள்ளச் சொன்னேன். கடைசியில் இ-7 வரை போன சிப்பாய் எது? இ சிப்பாய் என்று நினைக்கிறீர்கள். இல்லை. அது எஃப்-6ல் வெட்டுப்பட்டுப் போய்விட்டது. போய்ச் சேர்ந்தது எஃப்-2ல் ஆரம்பித்த சிப்பாய்: 18ல் எஃப்-3, 22ல் எஃப்-4, 24ல் எஃப்-5, 27ல் இ-6, 34ல் இ-7.

முதல் தடவை வைத்தபோது இதில் எத்தனை உங்கள் கண்ணில் பட்டது? மந்திரி ஏ-3 மட்டும்தான் பட்டிருக்கும். பத்திரிகைகளிலும் அந்த ஒரு நகர்த்தலுக்கே படம் போடுகிறார்கள். ஆனால் 19வது நகர்த்தலில் ஏ-4 சிப்பாய் போகட்டும் என்று துணிந்து இ-4 ஆடியிருக்காவிட்டால் அந்த மந்திரிக்கு வேலையே வந்திருக்காது. இளம் தோழர்கள் 30வது நகர்த்தலைத் தேடி ஓடுகிறார்கள். 15 முதல் 29 வரை உட்கார்ந்து பார்க்கப் பொறுமை இல்லை. சொந்தமாக எத்தனை ஆட்டம் ஆடினாலும் இந்தப் பொறுமை தானாக வராது. செய்த தவறே திரும்பத் திரும்பச் செய்து பழகிப்போகும். நம்மைவிட நன்றாக யோசித்த இருவரின் நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தால்தான் நம் யோசனை எங்கே குறைகிறது என்பது புலப்படும். கட்டணம் இல்லை, சிபாரிசு வேண்டாம். 41 நகர்த்தலும் ஒரு தபால் கார்டில் அடங்கும். பலகை இல்லாவிட்டால் தரையில் கரிக்கோடு போதும்.

செய்யும் விதம் இது. மூன்று பேர் சேருங்கள். ஒருவர் வெள்ளை, ஒருவர் கறுப்பு, மூன்றாமவர் கையில் காகிதம். முதல் நாள் வேகமாக ஒரு தடவை வைத்துப் பாருங்கள். இரண்டாம் நாள் 12க்குப் பிறகு ஒவ்வொரு நகர்த்தலையும் மறைத்து, எழுதி, பிறகு திறந்து பாருங்கள். மூன்றாம் நாள் பக்கம் மாறி உட்காருங்கள். தோற்ற பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அதிகம் புரியும். புத்தகத்தில் இருப்பதால் ஒரு நகர்த்தல் சரியாகிவிடாது. போட்வின்னிக் தன் ஆட்டங்களைத் தானே ஆராய்ந்து, அந்த ஆராய்ச்சியை அச்சில் வெளியிட்டார். மற்றவர்கள் தன் தப்பைக் காட்ட வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார். உங்களுக்கு மாற்று யோசனை இருந்தால் அதையும் வைத்துப் பாருங்கள். தப்பாக இருந்தால் பலகையே சொல்லிவிடும்.

சோவியத் மேதை முதலாளித்துவ உலகத்தின் மேதையை வீழ்த்தினார் என்று இந்த ஆட்டத்தைப் பற்றி நம் பக்கத்தில் எழுதியதுண்டு. அது அரைகுறை. அந்தப் போட்டியில் முதல் இரண்டு ஸ்தானத்தைப் பகிர்ந்தவர்கள் எஸ்தோனியாவின் பால் கெரஸும் அமெரிக்காவின் ரூபன் ஃபைனும், 8½ புள்ளி. போட்வின்னிக் 7½ புள்ளியுடன் மூன்றாவது. 1948ல்தான் அவர் உலக சாம்பியன் ஆனார். காபாபிளாங்கா அதைப் பார்க்க இருக்கவில்லை. 1942ல் நியூயார்க்கில் காலமானார்.

சோவியத் நாட்டில் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை, சங்கத்துக்குச் சங்கம் சதுரங்கத்தைக் கொண்டுபோனார்கள் என்பது உண்மை, பெருமைக்குரிய உண்மை. அந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர் நிக்கலாய் கிரிலென்கோ. காபாபிளாங்கா ஆட வந்த 1925 மாஸ்கோ போட்டியை அமைத்ததும் அவர்தான். அவரை 1938 ஜூலையில், ராட்டர்டாம் ஆட்டத்துக்கு நாலு மாதம் முன்பு, பொய்க் குற்றம் சாட்டிச் சுட்டுக் கொன்றார்கள். 1955ல் குற்றமற்றவர் என்று அறிவித்தார்கள். முன் பாதியை மேடையில் சொல்லும் நாம் பின் பாதியையும் அதே மேடையில் சொல்ல வேண்டும். ஆட்டத்தைப் படிக்கும்போது தோற்ற நகர்த்தலை மறைக்கிறோமா என்ன?

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலை தருகிறேன். 26வது நகர்த்தலில் வெள்ளை யானை இ-6க்கு வந்தபோது காபாபிளாங்கா அதை வெட்டினார். வெட்டாமல் ராஜாவை எஃப்-7க்குக் கொண்டுவந்து யானையை மிரட்டியிருந்தால்? வெள்ளை ஜெயிக்குமா, எப்படி? மூன்று பேராக உட்கார்ந்து, எழுதிக்கொண்டு வாருங்கள். வெள்ளை யானை பின்வாங்க வேண்டியதில்லை, எஃப்-6லேயே அதைக் கொடுத்து ஆரம்பியுங்கள். அவ்வளவுதான் சொல்வேன்.